இஸ்னிக் தட்டும் பிறர் இட்ட பெயர்களும்

தோட்டத்துக் கீரையும் பழமும் பரிமாற ஏற்றவை எனத் 'துருக்கிப் பாணி' என்ற பெயரில் இன்று விற்கப்படும் கைவினைத் தட்டுகளில் துலிப், கார்னேஷன், ரோஜா, ஹயசிந்த் ஆகிய மலர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இம்மலர்க்கோலத்தின் பிறப்பிடம், இஸ்தான்புலுக்குத் தென்கிழக்கே ஏரிக்கரையில் அமைந்த இஸ்னிக் என்னும் சிற்றூர். பழைய நைசியா நகரம் இதுவே.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூர்க் குயவர்கள் சீனத்து நீலவெண் பீங்கானுக்கு நிகரான ஒன்றைச் செய்ய முயன்றனர். மூன்று திராட்சைக் குலைகள் கொண்ட மிங் காலத் தட்டின் ஓவியத்தையும் படியெடுத்தனர். ஆனால் மூலப்பொருள் வேறு. குவார்ட்ஸ் தூளைப் பெரும்பங்காகக் கொண்டு, கண்ணாடித் தூளும் சிறிதளவு வெண்களிமண்ணும் சேர்த்துப் பிசைந்தனர். வெண்பூச்சின்மேல் ஓவியம் தீட்டி, ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சிட்டுச் சுட்டனர். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பவளச் சிவப்பு வந்து சேர்ந்தது. இரும்பு மிகுந்த மண்ணைத் தடிப்பாகப் பூசியதால் அச்சிவப்பு விரலுக்குத் தட்டுப்படும். 1557இல் நிறைவுற்ற சுலைமானியே மசூதியின் ஓடுகளில் அதனைக் காணலாம். எனினும் சுல்தான்களின் உணவில் சீனப் பீங்கானுக்கே முதலிடம். டோப்காபி அரண்மனையில் 10,000க்கும் மேற்பட்ட சீனக் கலங்கள் எஞ்சியுள்ளன.

இம்மரபுக்கு 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் வேறு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். ரோட்ஸ் தீவில் வாங்கப்பட்ட தட்டுகள் பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தை அடைந்தன. அவ்வகை முழுவதும் 'ரோடியன்' ஆயிற்று. ஊதாவும் மங்கிய பச்சையும் கொண்டவை 'டமாஸ்கஸ்' எனப்பட்டன. வாங்கிய இடமே செய்த இடமாகப் பதிவாயிற்று.

மறுப்பு அந்தக் கலங்களிலேயே இருந்தது. எருசலேமின் பாறைக் குவிமாடத்திலிருந்து கிடைத்த, 1549ஆம் ஆண்டைச் சேர்ந்த விளக்கொன்றில், அதற்கு ஓவியம் தீட்டிய முஸ்லி தம் பெயரைப் பொறித்ததோடு இஸ்னிக்கின் ஞானி எஷ்ரெஃப்ஸாதேயையும் குறிப்பிட்டுள்ளார். 20ஆம் நூற்றாண்டில் இஸ்னிக்கில் நடந்த அகழாய்வுகள் சூளைகளையும், சுடுகையில் பழுதான கலத் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தன.

பெயர்கள் சரக்கோடு பயணிப்பது புதிதன்று. இவ்வகை மட்கலைக்குத் துருக்கியர் வழங்கும் 'சினி' என்ற சொல்லே 'சீனத்தது' எனப் பொருள்படும் பாரசீகச் சொல். துருக்கியில் கோப்பையைக் குறிக்கும் 'ஃபின்ஜான்', தமிழின் 'பீங்கான்' ஆகிய இரண்டும் 'பிங்கான்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. ஆகவே ஒரு கலத்தின் பெயர் வணிகம் சென்ற வழியைக் காட்டும் சான்று மட்டுமே. அதைச் செய்தவர் யார் என்பதற்கு அச்சான்று போதாது. 'ரோடியன்' என்ற பெயர் முஸ்லியின் ஊரை மறைத்ததுபோல, 'துருக்கிப் பாணி' என்ற சந்தைப் பெயரும் இன்று இஸ்னிக்கை மறைக்கிறது.