குழலின் முத்திரையும் துவக்கின் விலையும்: திருக்கோவில் வட்டைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட பயண நூலில் இலங்கைக் கொல்லர் செய்த துவக்குக் குழல்களைப் புகழ்ந்திருக்கிறார். போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்து அப்போது நூறாண்டுகூட ஆகவில்லை. பிற்காலக் கண்டித் துவக்குகளில் பொறி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அடிக்கட்டை சுருள்போல் பிரிந்து முடியும். வெள்ளியும் தந்தமும் பதித்திருப்பார்கள். அவற்றை இன்று மதிப்பிடுகிறவர் குழலின் கனத்தை அளப்பதில்லை. வேலைப்பாட்டையும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும்தான் பார்க்கிறார். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்ட லெவ்கே திசாவையின் பீரங்கி, 2023இல் இரண்டு துவக்குகளும் சில வாள்களும் சேர நாடு திரும்பியது. சுட உதவுமா என்று அவற்றைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்.

வேட்டைத் துவக்கின் கணக்கு வேறு. அதில் விலை குழலைச் சார்ந்தது; குழலின் விலையோ அதில் குத்திய முத்திரையைச் சார்ந்தது. லண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. அங்கே குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரையும் குழலின் உள்ளளவும் குத்தப்படும். 12 போர் குழலுக்கு அந்த அளவு ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். சோதனைத் தகுதி இழந்த குழலுள்ள துவக்கை விற்பது 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பழுதுபார்ப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கறள் தின்ற குழிகளை உள்ளே தேய்த்து அகற்றினால் குழல் பளபளக்கும். ஆனால் உள்ளளவு விரிந்து சுவர் மெலியும். அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த சுவரை அறிந்தவர் தொடமாட்டார். வெளியே விழுந்த நெளிவை எடுப்பதால் விலை அதிகம் குறையாது. நுனியை வெட்டுவது அப்படியல்ல. சன்னம் சிதறாமல் போக வாய்ப்பக்கத்தைச் சற்று ஒடுக்கும் ‘சோக்’ முறையை பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874இல் சீர்படுத்தி விற்றார். வெடித்த நுனியை இரண்டு அங்குலம் அறுத்தால் அந்த ஒடுக்கமும் போய்விடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இங்கிலாந்தில் இன்னொரு வழி பரவியது. தோட்டா இருக்கும் பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்குழல்களை அறுத்தெறிந்து, புதிய உருக்குக் குழாய்களைச் செருகிப் பொருத்துவது. ‘ஸ்லீவிங்’ என்பார்கள். அவ்வாறு செய்த துவக்கை மறுபடி சோதித்து, ‘ஸ்லீவ்ட்’ என்ற சொல்லையும் குழலில் பொறிக்க வேண்டும். தேய்ந்த பழைய குழலைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் சேகரிப்போர் சந்தையில் மூலக் குழலுள்ள துவக்கின் விலை அதற்குக் கிடையாது. ஒரு வேடிக்கை: பழுது நேர்மையாக அறிவிக்கப்படுவதே விலையைக் குறைக்கிறது. மறைத்துக் கறுப்பு பூசியவனுக்கு, பிடிபடும் வரை இலாபம்.

இரும்பும் உருக்கும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கடுமை. கருமருந்துக் காலத்தில் பிறந்தவை அவை. புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்காக அவை செய்யப்படவில்லை.

இந்த நடைமுறை முழுவதும் லண்டனையும் பர்மிங்ஹாமையும் சார்ந்தது. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவிலில் இறங்கிய துவக்குக்கு முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. பிறகு அதை எவரும் மறுபடி சோதிக்கவில்லை. சாகாமக் குளத்தை அண்டிய வட்டைகள் எனும் வயல்வெளிகளிலும் கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டோரத்திலும் துவக்கு வேளாண்மையைக் காக்கும் கருவி. பன்றியும் யானையும் கதிர் முற்றும் பருவத்தில் இறங்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்ட பிறகு யானைக்கு வழி இன்னும் சுருங்கியது. கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து உப்பைக் குழலில் விட்டுச்செல்லும். கடற்காற்றில் வேறு உப்பு. கழுவி எண்ணெய் போடாமல் இரவில் பரணில் சார்த்திய துவக்கு விரைவில் கறள் பிடிக்கும். அதைத் தேய்த்துச் சுத்தமாக்குவதற்கு இங்கே ஒரே அளவுகோல்: அடுத்த போகத்துக்கும் உதவுமா? மூலக் குழலா, மாற்றுக் குழலா என்பது வயலுடைய போடியாரின் கவலையல்ல.

ஆனால் விலை வேறோர் இடத்தில் உருவாகியிருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு துவக்குக்கும் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கைமாற்றவும் அனுமதி வேண்டும். என் கணிப்பில், பர்மிங்ஹாமில் முத்திரை செய்த வேலையை இங்கே கச்சேரித் தாள் செய்தது. முத்திரை குழலின் வலிமைக்குச் சாட்சி. தாள் உடைமைக்கு மட்டுமே சாட்சி. எனவே மெலிந்த குழலும் தாளோடிருந்தால் பெறுமதியானது, உறுதியான குழலும் தாளின்றிச் சுமையானது.

போர்க்காலம் இந்தக் கணக்கைக் குலைத்தது. 1980களில் வடகிழக்கில் அனுமதி பெற்ற துவக்குகள் பல ஆயுத இயக்கங்களின் கைக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் போயின. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டதையடுத்து முஸ்லிம் ஊர்களின் ஊர்காவற்படையினருக்கு அரசு துவக்குகள் வழங்கியது; வயலுக்கான ஆயுதம் ஊர்க்காவலுக்குப் போனது.

வயலில் துவக்கு இல்லாத இடைவெளியை நிரப்பிய கட்டுத்துவக்கில் பழுது என்ற பேச்சே எழுவதில்லை. கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும் பொறி. குழல் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய். பன்றிக்கு வைத்தது யானையின் காலையும் மனிதரின் முழங்காலையும் துளைப்பது இன்றும் நடக்கிறது. எந்தச் சோதனையும் காணாத அந்தக் குழாய், வைத்தவர் முகத்துக்கு நேரே பிளக்கவும் கூடும்.