சொல்வதெழுதும் பொறி

வியாச முனிவர் பாரதத்தைச் சொல்ல, விநாயகப் பெருமான் தம் கொம்பினை ஒடித்து அதனையே எழுத்தாணியாகக் கொண்டு எழுதினார் என்பது தமிழ்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கதை. அக்கதையில் இரு நிபந்தனைகள் உள. இடையில் நில்லாது சொல்லுதல் வேண்டும் என்பது எழுதுபவர் விதித்தது. பொருளை உணர்ந்த பின்னரே எழுதுதல் வேண்டும் என்பது சொல்பவர் விதித்தது. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் தொழிலின் இயல்பு முழுவதும் இவ்விரு நிபந்தனைகளுள் அடங்கிவிடுகின்றது. இன்று கணினியின்முன் அமர்ந்து ஒருவர் பேச, அவர் பேச்சுத் திரையில் எழுத்தாய் விரிகின்றது. எழுதுபவனின் இருக்கையிற் பொறி அமர்ந்துவிட்டது. அவ்விருக்கையை அது எவ்வாறு அடைந்தது, அவ்விரு நிபந்தனைகளையும் எவ்வளவிற்கு நிறைவேற்றியது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குதல் பயனுடையது.

கண்ணொளி இழந்த ஆங்கிலப் புலவர் மில்ரன், 1667ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருங்காப்பியத்தைப் பிறர் எழுதத் தாம் சொல்லியே ஆக்கினார். மணிக்கட்டு வலியால் எழுதுகோல் பிடித்தல் அரிதாகிய நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், 1897ஆம் ஆண்டு முதலாகத் தட்டச்சாளர்க்குச் சொல்லியே நாவல்களை இயற்றினார். ஆகவே, சொல்லி எழுதுவித்தல் சோம்பலின் வழியன்று. உடல் தடுத்தபோதும் உள்ளம் எழுதுவதற்குக் கண்ட வழியாகும். ஆயின், அதற்கு வேறொருவர் உடனிருத்தல் வேண்டும். அவருக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். அவரிடம் மறைக்க வேண்டியது எதனையும் எழுதுதல் இயலாது. பொருள் உள்ளவர்க்கும், அன்புடைய சுற்றம் உள்ளவர்க்குமே அவ்வழி திறந்திருந்தது.

தொமஸ் அல்வா எடிசன் 1877இல் ஒலிப்பதிவுப் பொறியை அமைத்தார். மறுவருடம் அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதியபோது இசையை அவர் முதலில் வைத்தாரல்லர். கடிதம் எழுதுதலும் சொல்லி எழுதுவித்தலுமே முதலிடம் பெற்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு அலுவலகங்களிற் பரவிய 'டிக்ரபோன்' என்னும் கருவி அவ்வெண்ணத்தின் விளைவாகும். மேலதிகாரி மெழுகு உருளையிற் பேசிவிட்டுச் செல்வார். தட்டச்சாளர் பின்னர் அதனைக் கேட்டு எழுதுவார். ஒலியைக் காத்துவைக்கப் பொறி கற்றதேயன்றி, ஒலியை எழுத்தாக்க இன்னும் மனிதச் செவியே வேண்டியிருந்தது.

செவியின் தொழிலைப் பொறிக்குக் கற்பிக்கும் முயற்சி 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஒரு படி ஏறியது. 'ஓட்ரி' எனப் பெயரிய பொறி, ஆளுயர அடுக்கொன்றை நிறைத்து நின்று, பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள பத்து இலக்கங்களை மட்டும் அறிந்துகொண்டது. அதுவும் பழகிய குரலாயின் நன்கு அறிந்தது; புதியவர் பேசினால் தடுமாறியது. 1962இல் சியற்றில் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய கருவிக்கு 16 சொற்கள் தெரிந்திருந்தன. பத்து ஆண்டுகளில் ஆறு சொற்கள் கூடின! 1969இல், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் பியர்ஸ் என்னும் அறிஞரே, மொழியறிவு இல்லாத பொறியாற் பேச்சை எழுதிவிட இயலாது என்ற கருத்துப்பட இத்துறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

அவர் கண்ட இடர் யாது? ஏட்டுச்சுவடி படித்தோர் அதனை எளிதில் உணர்வர். பழைய ஏடுகளிற் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. எழுத்துகளை மட்டும் அறிந்தவன் அவ்வேட்டைப் படித்தல் அரிது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் வருதல் பொருந்தும் என்ற மொழியறிவு கொண்டே ஏட்டின் தொடரைப் பிரித்துப் பதிப்பித்தனர். மனிதனின் பேச்சும் அத்தகைய ஏடேயாகும். பேசும்போது சொற்களுக்கிடையே எவரும் இடைவெளி விடுவதில்லை. ஒருவர் குரல்போல மற்றொருவர் குரல் இல்லை. காதில் விழுவது ஒலியின் ஓட்டம். சொற்களாகப் பிரிப்பது கேட்பவனின் மொழியறிவு.

இவ்வறிவைப் பொறிக்கு ஊட்டியவர்களுள் ஒருவர் தென்னாட்டில் வளர்ந்தவர். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர்ப் பகுதியிற் காட்டூர் என்னும் கிராமத்திற் பிறந்த ராஜ் ரெட்டி, சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958இற் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்காவிற் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் வழிநடத்திய குழுவினர், 1976ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சொற்களை அறியும் முறையொன்றை நிறைவு செய்தனர். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய ரியூறிங் பரிசு 1994இல் அவருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பிரெட் ஜெலினெக் என்பவர் வேறொரு வழியை வகுத்தார். இலக்கண விதிகளைப் பொறிக்குக் கற்பித்தலை விடுத்து, பெருந்தொகையான நூல்களையும் கடிதங்களையும் அதற்கு ஊட்டி, எச்சொற்களின்பின் எச்சொல் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணச் செய்தார். 'நேற்றிரவு பெரும்' என்ற சொற்களின்பின்னும் 'பெய்தது' என்பதன் முன்னும் வரத்தக்கது 'மலை'யன்று, 'மழை'யே என்று பொறி முடிவு செய்வது இம்முறையினாலேயே. பொருளை அது உணர்ந்ததன்று, வழக்கை எண்ணியறிந்தது. அவர் குழுவினர் 1980களின் நடுவில் அமைத்த 20,000 சொற்கள் அறிந்த பொறிக்கு, புகழ்பெற்ற தட்டச்சு வீரராகிய ரங்கோராவின் பெயரே சூட்டப்பட்டது.

எனினும், விநாயகரின் நிபந்தனை இங்கே தலைகீழாயிற்று. இடைவிடாது சொல்லுக என்றார் அவர். ஒவ்வொரு சொல்லின்பின்னும் நின்று சொல்லுக என்றது பொறி. ராஜ் ரெட்டியின் மாணவர்களாகிய ஜேம்ஸ் பேக்கர், ஜனற் பேக்கர் என்னும் தம்பதியர் 1982இல் 'டிராகன்' நிறுவனத்தைத் தொடங்கினர். 1990இல் அவர்கள் விற்பனைக்குக் கொணர்ந்த எழுதுமுறையின் விலை 9,000 டொலர். அதனையும் சொல்லுக்குச் சொல் நிறுத்தியே பயன்படுத்துதல் வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து இவ்வளவு இடரையும் ஏற்றவர் யாவர்? முதுகுத்தண்டு முறிந்து கையசைவு இழந்தோரும், இடையறாத தட்டச்சினால் விரல் நரம்பு நொந்தோரும் அவருள் முதன்மையாயினர். நலமுடையோர்க்கு விந்தைப்பொருளாய் இருந்தது அவர்க்குத் தொழிலையும் வருவாயையும் மீட்டுத் தந்தது. இயல்பான பேச்சை நிறுத்தமின்றிக் கேட்டு எழுதும் முறையைப் பேக்கர் தம்பதியர் 1997இல் வெளியிட்டனர். மனிதன் பொறிக்கேற்பப் பேசிய காலம் முடிந்து, பொறி மனிதனுக்கேற்பக் கேட்கும் காலம் அவ்வாண்டிற் பிறந்தது.

ஆக்கியோர்க்கு அதன் பயன் கிட்டவில்லை. 2000ஆம் ஆண்டிற் பெல்ஜிய நாட்டு நிறுவனமொன்று டிராகனைத் தன் பங்குகளையே விலையாகக் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட, அப்பங்குகள் மதிப்பிழந்தன. இருபதாண்டு உழைப்பின் விலை காகிதமாயிற்று. ஆயினும் கலை அழியவில்லை, கைமாறி வளர்ந்தது.

வளர்ச்சியிடையே நகைப்புக்குரிய தோல்விகளும் உண்டு. 2006இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் புதிய முறையைப் பலர்முன் காட்டியபோது, அன்னைக்கெனத் தொடங்கிய கடிதம் அத்தைக்கு ஆயிற்று. திருத்த முயலுந்தோறும் பிழை பெருகிற்று. அடுத்த சில ஆண்டுகளில், மூளையின் நரம்பமைப்பை ஒருவாறு பின்பற்றும் கணிப்புமுறைகள் இத்துறையிற் புகுந்தன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஜெப்ரி ஹின்ரனும் அவர் மாணவரும் அதற்கு வழிகாட்டினர். பிழைகள் விரைந்து குறைந்தன. 2011இல் ஐபோன் கைத்தொலைபேசியிலும் 2015இற் கூகிளின் எழுத்தேட்டிலும் இவ்வசதி விலையின்றிச் சேர்ந்தது. ஒரு காலத்தில் 9,000 டொலர் பெற்றது மாணவன் கையிலும் வந்தது. 2017 ஓகஸ்ட் மாதத்திற் கூகிள் நிறுவனம் தன் குரல்வழி எழுதுமுறையிற் சேர்த்த மொழிகளுள் தமிழும் ஒன்றாயிற்று.

தமிழ் எழுதப் புகுந்த பொறிக்குத் தனி இடர்கள் உள. ல, ள, ழ என்பவற்றையும் ர, ற என்பவற்றையும் பேச்சில் வேறுபடுத்தாதார் பலர். பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. யாழ்ப்பாணத்தில் 'வாறன்' எனப்படுவது சென்னையில் 'வரேன்' ஆகும். எவருடைய பேச்சு மிகுதியாகப் பதிவாகியுள்ளதோ அவருடைய பேச்சையே பொறி நன்கு அறியும். 2022இல் வெளியிடப்பட்ட 'விஸ்பர்' என்னும் முறைக்கு 680,000 மணிநேரப் பேச்சு ஊட்டப்பட்டது. அதிற் பெரும்பங்கு ஆங்கிலமே. நூல்களையும் குரலையும் கொடாத மொழிக்குப் பொறி நல்லெழுத்தாளனாக அமையாது. அம்மொழிக்குரியோர் தம் எண்ணத்தை எழுதப் பிறமொழியை நாடும் நிலை வரும். தொண்டர்கள் வாக்கியங்களை வாசித்துக் குரற்கொடை அளிக்கும் 'கொமன் வொய்ஸ்' என்னும் பொதுத் திட்டத்தில் தமிழும் இடம்பெற்றுள்ளமை இதுபற்றியே போற்றத்தக்கது.

நாள்தோறும் இம்முறையைக் கையாள்வோர்க்குச் சில நெறிகள் உள. ஒலிவாங்கி வாய்க்கு அண்மையில் இருத்தல் வேண்டும். இரைச்சல் இல்லாத இடம் வேண்டும். சொல்லை ஒவ்வொன்றாக நிறுத்தாது, வாக்கியத்தை மனத்தில் அமைத்து முழுமையாகச் சொல்லுதல் நன்று. முன்னும் பின்னுமுள்ள சொற்களே பொறிக்கு வழிகாட்டுவன. மறைபொருளான செய்தியாயின், குரல் தன் கருவியிலேயே எழுத்தாகின்றதா, தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் கணினிக்குச் செல்கின்றதா என்று முன்னரே அறிதல் கடன்.

யாவற்றினும் மேலான நெறி ஒன்றுண்டு. பள்ளியிற் சொல்வதெழுதிய மாணவனின் ஏட்டை ஆசிரியர் திருத்துவார். இங்கே எழுதும் மாணவன் பொறி. திருத்தும் ஆசிரியர் சொன்னவரே. கைதவறி எழுதிய பிழை கண்ணுக்கு உடனே தெரியும். பொறி செய்யும் பிழையோ நல்ல சொல்லாகவே அமைந்து, இடம் மாறி ஒளிந்திருக்கும். மருந்தின் அளவும், பணத்தின் தொகையும், ஆளின் பெயரும் அவ்வாறு மாறிவிடின் விளையும் தீங்கு பெரிது. நில்லாது சொல்லுக என்ற விநாயகரின் நிபந்தனைக்குப் பொறி இன்று ஈடுகொடுக்கின்றது. பொருளுணர்ந்து எழுதுக என்ற வியாசரின் நிபந்தனையோ, சொன்னதை மீளப் படித்துத் தன் பெயரைக் கீழே இடும் மனிதனையே இன்றும் சார்ந்து நிற்கின்றது.