தட்டிப் பார்த்துச் சொன்னவர்

சக்கை பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்க்க நம் நாஞ்சில் நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கும் அதே தட்டல்தான். காலியான இடம் கணீரென்று ஒலிக்கும்; தண்ணீர் உள்ள இடம் ‘மொத்’தென்று அடங்கும். மூடியைத் திறக்க வேண்டாம்.

இந்தத் தட்டலை மருத்துவத்துக்குக் கொண்டுபோனவர் லியோபோல்ட் அவென்பிருகர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் சத்திரம் நடத்தியவரின் மகன். அப்பாவின் மதுப் பீப்பாய்களைத் தட்டி மட்டம் பார்த்த பழக்கம்தான் பின்னாளில் கைகொடுத்தது என்பார்கள். வியன்னாவில் வைத்தியரானதும் நோயாளிகளின் மார்பைத் தட்டிக் கேட்டார். நுரையீரலில் காற்று இருப்பதால் ஒலி வரும். நீர் கோத்த இடத்தில் மங்கும். அதோடு விடவில்லை. பிணத்தின் மார்புக்குள் நீரைச் செலுத்தி, தட்டலை வைத்தே அதன் மட்டத்தைச் சொல்ல முடியும் என்று காட்டினார். ஏழு வருஷ உழைப்பு. 1761-ல் லத்தீனில் சிறு நூலாக வெளியிட்டார். பெரும்பாலோர் சீந்தவில்லை.

அதைப் பிரெஞ்சில் பெயர்த்து, விளக்கமும் எழுதி 1808-ல் வெளியிட்டவர் நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். தன் கண்டுபிடிப்பு என்றே அவர் சொல்லியிருக்கலாம், கேட்பார் இல்லை. ஆனால் இது அவென்பிருகருக்கே உரியது என்று முன்னுரையில் எழுதிவைத்தார். ஒருவர் எழுதிய குறிப்பு இன்னொருவர் கையெழுத்தோடு மேலே போவதை ஆபீஸ்களில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவென்பிருகர் அப்போது உயிரோடிருந்தார். அடுத்த வருஷம் காலமானார்.

நம் நெய்யூர் ஆஸ்பத்திரியை டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது 1838-ல். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல். இடைப்பட்ட காலத்தில் எந்த ஊர் வைத்தியருக்கும் மார்பில் நீர் இருக்கிறதா என்று அறிய விரலும் காதும்தான் துணை.

இன்று தொழிற்சாலைகளில் ஆள் நின்று தட்டுவதில்லை. கலத்தின் அடியில் வெளிப்புறமாக ஒரு கருவியைப் பொருத்தினால், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரவத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணக்கிடும். கொதிக்கும் கலமோ, தடித்த சுவரோ என்றால் காமா கதிர். ஒரு பக்கம் கதிர் மூலம், எதிர்ப்பக்கம் உணர்கருவி. நடுவில் திரவம் ஏறினால் வந்துசேரும் கதிர் குறையும்.

வீட்டு கேஸ் சிலிண்டருக்கு இதெல்லாம் வேண்டாம். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் உள்ள பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் உலர்ந்துவிடும். அந்தக் கோடுதான் மட்டம்.