புதுத் தலைவர் வந்தால் என்ன மாறும்? – ஓர் எல்லைக் கிராமத்து எதிர்பார்ப்பின் வரலாறு



தலைவர் மாறினால் தலையெழுத்து மாறுமா என்ற கேள்வி நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. 2025 டிசம்பரில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. கொல்லயில், பாறசாலை என நாம் குடியிருக்கும் எல்லைப் பஞ்சாயத்துகளிலும் புதிய ஆட்சிக் குழுக்கள் பொறுப்பேற்றன. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, புது பிரசிடெண்ட் வந்தாச்சு. இனிமே என்னதான் மாறும்?"

கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டேன், "என்ன மாறணும்?" என்று. குழாயில் தண்ணீர் வரவேண்டும். தெருவிளக்கு எரியவேண்டும். விதவைப் பென்ஷன் விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்று யாராவது சொல்லவேண்டும். பிள்ளைக்குத் தமிழில் படிக்க வாத்தியார் வேண்டும். ஆபீசில் போய் நின்றால் மரியாதையாக ஒரு வார்த்தை பேசவேண்டும். இதற்கு மேல் யாரும் ஆகாயத்துக் கோட்டை கேட்கவில்லை.

நான் வியாபாரி. கல்லூரிப் படிப்பு இல்லை. நூலகத்திலும் பழைய கல்வெட்டுப் புத்தகங்களிலும் பொறுக்கியது தவிர வேறு கல்வியில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நம் மண்ணின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்திரமேரூரில் தொடங்குவோம்

தேர்தல் என்றவுடன் நம் மேடைப் பேச்சாளர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் உண்மையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது பிராமணர்களின் சபை. வரி கட்டும் நிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. எனவே அதை மக்களாட்சி என்று சொல்வது கொஞ்சம் மிகை.

இருந்தாலும் அதில் ஒரு விதி, கணக்கு எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவனைக் கட்டிப்போடுகிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தலைமைக்கு வருகிறவனிடம் ஊர் கேட்டது கணக்கைத்தான்.

சாதாரண ஜனம் வாய் திறந்த காலம்

இனி நம் ஊருக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. வரி கட்டுவோரும் வசதி உள்ளோரும் குறை சொல்லும் இடம் அது. அதற்குள் 1911-ல் நியமன உறுப்பினராக நுழைந்தவர் வெங்ஙானூர் அய்யங்காளி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அங்கே போய் என்ன கேட்டார்? தம் மக்கள் குடியிருக்க நிலம் கேட்டார். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் கேட்டார். இன்று கடையில் ஜனங்கள் கேட்பதும் ஏறத்தாழ அதே பட்டியல்தான். அடித்தட்டு மக்களின் எதிர்பார்ப்பு நூறு ஆண்டில் அதிகம் மாறவில்லை. கேட்கும் உரிமைதான் விரிந்திருக்கிறது.

அந்த உரிமை இலவசமாக வந்ததல்ல. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. அதன் தலைவர் பட்டம் தாணுபிள்ளை. மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி வேண்டும் என்பது கோரிக்கை. அதே ஆகஸ்டில் தலைவர்கள் கைதானார்கள். 1938 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, இதோ பக்கத்தில் நெய்யாற்றின்கரையில், கூடிய ஜனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்ட பலர் உயிர்விட்டனர். அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர், தமிழ் பேசுகிறவர். ஆள்பவர் நம் மொழி பேசுகிறவர் என்பதாலேயே நமக்கு நியாயம் கிடைத்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஒரே மனிதர், இரண்டு வேடம்

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயது வந்த அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரசுக்கு 97. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 14. மார்ச் 24-ஆம் தேதி பட்டம் தாணுபிள்ளை முதல் மக்கள் அரசின் தலைவரானார். அன்றைக்கு அந்தப் பதவிக்குப் 'பிரதம மந்திரி' என்றே பெயர். திவான் போய் நம்மவர் வந்தார் என்று ஊரே கொண்டாடியிருக்கும். ஆனால் உட்கட்சிச் சண்டையில் அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் பதவி விலகினார். ஏழு மாதம்!

மறுபடி 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத் தேர்தல். அப்போது அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தார். கட்சிக்குக் கிடைத்தவை 19 இடங்களே. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரித்ததால் முதலமைச்சரானார். தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் நேசமணி அவர்களின் தலைமையில் தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடிய நேரம் அது. சிறைக் கம்பியை எண்ணியவர், நெய்யாற்றின்கரையில் தம் கட்சி ஜனங்கள் சுடப்பட்டதை அறிந்தவர், போராடுகிறவன் வலி இவருக்குத் தெரியாமலா போகும் என்று எவரும் எதிர்பார்க்கத்தானே செய்வார்கள்?

நடந்தது என்ன? 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மீது போலீஸ் சுட்டது. பலர் மாண்டனர். நெய்யாற்றின்கரைச் சம்பவம் நடந்து பதினாறு ஆண்டுகூட நிறையவில்லை. அன்று சுடச் சொன்ன நாற்காலியில் இன்று உட்கார்ந்திருந்தவர், அன்று சுடப்பட்டவர்களின் தலைவர்!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வடக்கே சிறையில் இருந்தார். மக்களைச் சுட்ட அரசு பதவியில் இருக்கக்கூடாது, தாணுபிள்ளை விலகவேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். தாணுபிள்ளை கேட்கவில்லை. கடைசியில் கட்சியே பிளந்தது. 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவையும் கவிழ்ந்தது.

தாணுபிள்ளையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாட்டு விடுதலைக்காக அவர் பட்டது உண்மை. ஆனால் நல்ல மனிதர் ஒருவரை உட்கார வைத்துவிட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினால் என்ன நேரும் என்பதற்கு நம் எல்லையிலேயே நடந்த உதாரணம் இது.

கோடு போட்ட நாள்

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1 முதல் தெற்கு வட்டங்கள் நான்கும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்துக்குப் போயின. கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்திலேயே நின்றன. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாடு, இந்தப்பக்கம் இஞ்சிவிளை முதல் கேரளம். ஒரே குடும்பத்தில் அண்ணன் பெரும்பான்மை ஆனார், தம்பி சிறுபான்மை ஆனார். அன்றிலிருந்து இங்குள்ள தமிழனின் எதிர்பார்ப்பில் தண்ணீர், ரோட்டோடு 'மொழி' என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டே, 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி, இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கேரளத்தின் முதல் தேர்ந்த அரசு பொறுப்பேற்றது. குடியிருப்பவனைப் பண்ணையார் வெளியேற்றக்கூடாது என்ற அவசரச் சட்டம் ஏப்ரல் 11-ஆம் தேதி வந்தது. ஆறே நாள்! அரசியலில் அவரை ஏற்காதவர்களும் இந்த வேகத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காரணம் என்ன? கேட்டது தெளிவாக இருந்தது. செய்யும் அதிகாரம் கையில் இருந்தது. பின்னால் வருடக்கணக்கில் அமைப்பாகத் திரண்ட ஜனம் நின்றது. ஆனால் குத்தகைதாரனுக்கே நிலம் என்ற முழுச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வர 1970 ஜனவரி 1 ஆயிற்று. ஆறு நாளில் ஆனதும் உண்டு, பதின்மூன்று ஆண்டு எடுத்ததும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

பிரசிடெண்ட் கையில் என்ன இருக்கிறது?

பஞ்சாயத்துக்கு வருவோம். கேரளத்தில் 1963-ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்தது 1979-ல்! அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்பே முடித்திருக்கும். கணக்குக் கேட்க ஜனங்களுக்கு வாய்ப்பே வரவில்லை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1994-ல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது, 1995-ல் தேர்தல், 1996 ஆகஸ்ட் 17, சிங்ங மாதப் பிறப்பன்று, மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. 2010 தேர்தலிலிருந்து பாதி இடம் பெண்களுக்கு; பிரசிடெண்ட் பதவிகளிலும் அப்படியே.

ஆகவே இன்றைய பிரசிடெண்ட் வெறும் பொம்மை அல்ல. அதே நேரம் அவர் மகாராஜாவும் அல்ல. நான் என் கடைக் கணக்குப் புத்தகத்தில் செய்வது போல எதிர்பார்ப்புகளை மூன்று பத்தியாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

முதல் பத்தி, அவர் கையில் இருப்பவை: ஊர்ச்சாலை, தெருவிளக்கு, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டு வரி, கட்டட அனுமதி, வியாபார லைசென்ஸ், பிறப்பு இறப்புப் பதிவு, பென்ஷன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது. இவற்றில் சாக்குச் சொல்ல இடமில்லை. கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டாம் பத்தி, அவர் தள்ளிவிட்டால் நகரக்கூடியவை: தமிழ் வகுப்புக்கு ஆசிரியர், பஸ் வசதி, பென்ஷன் பணம் வந்து சேரும் வேகம். இவை மாநில அரசின் கையில். ஆனால் பஞ்சாயத்து தீர்மானம் போட்டு அனுப்பினால் அதற்கு ஒரு கனம் உண்டு.

மூன்றாம் பத்தி, அவரால் முடியாதவை: நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு மாநிலங்கள் மோதும் வழக்கை எந்தப் பஞ்சாயத்து பிரசிடெண்டும் தீர்க்க முடியாது. தேர்தல் நேரத்தில் அதைத் தீர்ப்பேன் என்று எவராவது சொன்னால், இல்லாத சரக்குக்கு விலை சொல்லுகிறார் என்று அர்த்தம்.

நம் ஜனங்கள் பெரும்பாலும் மூன்றாம் பத்தியைப் பற்றிக் கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். முதல் பத்தியைப் பற்றிக் கேட்கவேண்டிய இடத்தில் வாய் திறப்பதில்லை. அந்த இடம் எது? கிராமசபை. வார்டில் உள்ள வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது சட்டம். பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தாக வேண்டும். "நமக்கெதுக்குண்ணே அது, மலையாளத்துல பேசுவாங்க, நமக்குப் புரியாது" என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில்தான் அதிகம். ஒதுங்கியவன் பெயர் பயனாளிப் பட்டியலில் விடுபட்டால் யாரை நோவது?

மொழியைச் சொல்லித் தயங்கவும் வேண்டாம். குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரவேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது, எழுதுகிறவர்கள்தான் குறைவு. நாலு பேர் எழுதினால்தான் ஐந்தாவது ஆளுக்குப் பதில் எழுதத் தமிழ் தெரிந்த குமாஸ்தா வேண்டும் என்ற நினைப்பே அலுவலகத்துக்கு வரும்.

எழுதி வைத்தது நிற்கும்

மார்த்தாண்டத்துக்கு அப்பால் சிதறால் மலையில் எங்கள் சமணப் பெரியோர் இருந்த குகையும் கல்வெட்டுகளும் உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணத் துறவியார் பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. அவர் அரசியும் அல்லர், அதிகாரியும் அல்லர். யார், எப்போது, என்ன கொடுத்தார் என்று வெட்டி வைத்ததால் ஒன்பதாம் நூற்றாண்டுக் கணக்கு இன்றும் நம் கண்முன் நிற்கிறது. வாயால் சொன்ன வாக்குறுதிகள் எத்தனையோ காற்றில் போயின.

ஆகவே, புதுத் தலைவர் வந்தால் என்ன மாறும் என்று கேட்ட அன்பர்களுக்கு என் பதில் இது. அவராக மாற்றுவது கொஞ்சம்தான். நாம் எழுதிக் கொடுத்து, கிராமசபையில் எழுந்து கேட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி போய் "அது என்னாச்சு?" என்று விசாரித்தால் மாறுவது அதைவிடக் கூடுதல். இவ்வாண்டு நம் சங்கத்தின் சார்பில் ஒவ்வொரு வார்டிலும் இருவராவது கிராமசபைக்குப் போவது என்றும், கேட்டதையும் கிடைத்ததையும் ஒரு நோட்டில் எழுதி ஆண்டு விழாவில் வாசிப்பது என்றும் முடிவு செய்தால் நல்லது. அடுத்த தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வருகிறவரிடம் காட்ட அந்த நோட்டு நம் கையில் இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!