மானிப்பாய் டாக்டரும் ஒரு போன் அழைப்பும்



போன வாரம் பெங்களூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். எம்.ரெட்டியபட்டியில் என்னிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் படித்தவன். இப்போது ஒரு கம்பெனியில் மென்பொருளுக்கான கையேடுகள் எழுதுகிறான். "பதினஞ்சு வருசம் ஆச்சு சார். நான் எழுதுறதை யாரு படிக்கிறான்னே தெரியலை. இன்னும் எத்தனை வருசத்துக்கு இதையே எழுதுறது?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வைத்த பிறகுதான் டாக்டர் கிரீன் நினைவுக்கு வந்தார்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1847-ல், 25 வயதுகூட நிறையாத மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார், தமிழும் படித்தார். 1852-ல் உடற்கூறு பற்றிய கட்டரின் நூல் அவர் முயற்சியால் தமிழில் வந்தது. 1857-ல் பிரசவ வைத்தியம்.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் நல்ல சம்பளம் கிடைக்கும் இடங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்று நினைத்து, 1864-ல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். வகுப்பு தமிழ் என்றால் புத்தகமும் தமிழில் வேண்டுமே. அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது.

1867-ல் இரண வைத்தியம் வந்தது. 1872-ல் மனுஷ அங்காதிபாதம். அது கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூல். அதே ஆண்டில் வைத்தியாகரம். 1875-ல் கெமிஸ்தம். எல்லாவற்றையும் அவர் ஒருவரே எழுதிவிடவில்லை. சாப்மன், டான்போர்த் போன்ற அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் திருத்தினார். தன்னிடம் படித்தவனையே உடன் எழுத வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 60-க்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கியவர் அவர்.

சொற்களுக்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு; இல்லையென்றால் வடமொழியில் எடு; அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. 'கெமிஸ்தம்' அப்படி வந்ததுதான். சிரிப்பு வருகிறதா? நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வாத்தியார் 'ரசாயனம்' என்பார். நான் கற்பித்தபோது அது 'வேதியியல்'. சொல் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதற்காக யாராவது முதல் சொல்லைப் போடாமல் இருக்க முடியுமா? புத்தகம் எழுதியதோடு நிற்காமல், கலைச்சொற்களைத் தனித் தொகுதிகளாகவும் அச்சிட்டார். அடுத்து எழுத வருகிறவன் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டாம் அல்லவா?

1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். அத்தோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. உர்ஸ்டர் நகரில், தமிழ் பேச ஆள் இல்லாத ஊரில் உட்கார்ந்து தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் 1883-ல் வந்தது. இந்து பதார்த்த சாரம் 1884-ல். அந்த ஆண்டு மே மாதம் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

முழுதும் வெற்றிக் கதை இல்லை தம்பி. இலங்கை அரசு 1870-ல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் வழி மருத்துவம் கிரீனுக்குப் பிறகு நிலைக்கவில்லை. அவர் போட்ட சொற்களில் பலவற்றை இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மானிப்பாயில் அந்தப் புத்தகத்தை வைத்துப் படித்து, ஊரில் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர் எழுதியது அவர்களுக்கு.

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் பெருங்குளத்துக்காரர் பெ.நா. அப்புசாமி. தொழில் வக்கீல். 1917 வாக்கில் தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கி, 1986-ல் 94 வயதில் மறையும்வரை எழுதினார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நீ எழுதிய கையேடு ஒன்றைக் கொண்டுவா. எனக்குப் புரிகிறதா என்று படித்துப் பார்க்கிறேன்.