வில்லியம் ஹோகார்த்தும் அச்சுப்பட உரிமையும்: சிறு வணிகரின் உரிமைக்காப்புப் பற்றிய ஒரு நோக்கு

புலமைச் சொத்துரிமையின் வரலாற்றை ஆராய்வோர் சட்டங்கள் இயற்றப்பட்ட வரலாற்றையே பெரிதும் நோக்குவர். சட்டம் அளித்த உரிமையைச் சிறுமுதல் கொண்ட வணிகர் நடைமுறையில் எவ்வாறு காத்துக்கொண்டனர் என்னும் வினா அதனாற் பின்தள்ளப்படுகின்றது. இவ்வினாவை இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் (1697–1764) தொழில் வாழ்வைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஹோகார்த் தம் ஓவியங்களைச் செப்புத் தகடுகளிற் செதுக்கி, அச்சுப்படங்களாக்கித் தம் இல்லத்திலேயே விற்றார். விலைமகள் ஒருத்தியின் வீழ்ச்சியைச் சித்திரிக்கும் ஆறு படங்களை 1732 இல் வெளியிட்டார். தொகுதியொன்றின் விலை ஒரு கினி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் முன்பதிவாயின. எனினும், அச்சுப்பட வணிகர் சிலர் அவற்றைப் பிரதிசெய்து குறைந்த விலைக்கு விற்றனர். 1710 இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் நூல்களுக்கே பாதுகாப்பளித்தமையால், ஹோகார்த்துக்கு வழக்காடவும் வழியிருக்கவில்லை.

தனியொருவராய் நின்று பயனில்லை என்பதை உணர்ந்த அவர், வேர்ட்டு, பைன் முதலிய செதுக்குநருடன் சேர்ந்து பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார். இதன் பயனாக 1735 இல் இயற்றப்பட்ட சட்டம் பதினான்கு ஆண்டு உரிமையை வழங்கியது. உரிமையாளரின் பெயரும் வெளியீட்டுத் திகதியும் தகட்டிலும் படத்திலும் பொறிக்கப்படல் வேண்டும். களவுப் பிரதி ஒவ்வொன்றுக்கும் ஐந்து சிலிங் தண்டம். அதிற் பாதி முடிக்கும் மறுபாதி வழக்குத் தொடுப்பவருக்கும் உரியது. உரிமையைக் காக்கும் பொறுப்பு உரிமையாளர் மீதே சுமத்தப்பட்டமை இதனாற் புலனாகும்.

சட்டம் வரும்வரை ஹோகார்த் வாளாவிருந்தாரல்லர். ஊதாரி இளைஞனொருவனின் கதையைக் கூறும் எட்டுப் படங்களின் வெளியீட்டைச் சட்டம் நடைமுறைக்கு வரும் 1735 யூன் மாத இறுதி வரை ஒத்திவைத்தார். அதற்குள், அவர் இல்லத்துக்கு ஓவியங்களைப் பார்வையிடுவார் போற் சென்றோரின் நினைவைக் கொண்டு போலிப்படங்கள் வெளியாயின. அதனை அவர் பத்திரிகை விளம்பரத்தின் மூலம் அம்பலப்படுத்தினார். அன்றியும், தம் இசைவுடன் பேக்வெல் என்னும் வணிகர் சிறிய பிரதிகளை இரண்டு சிலிங் ஆறு பென்சுக்கு விற்க ஒழுங்கு செய்தார். மலிவு விலையே களவுப் பிரதியின் வலிமையாதலின், அவ்வலிமையைத் தம் பக்கம் திருப்பிய செயலாக இதனைக் கொள்ளலாம்.

ஹோகார்த் இறந்தபோது அவருடைய புகழ்பெற்ற ஆரம்பகாலத் தொகுதிகளின் உரிமைக்காலம் முடிவுற்றிருந்தது. தகடுகளே அவர் மனைவி ஜேனின் சீவனோபாயமாயின. 1767 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைக்காலத்தைப் பொதுவாக இருபத்தெட்டு ஆண்டுகளாக நீடித்ததோடு, ஜேனுக்கு இருபது ஆண்டு தனியுரிமையையும் அளித்தது. அப்பெண்மணி கணவரின் படங்களைத் தாமே விற்று வாழ்ந்தார். தனியுரிமை முடிவுற்ற 1787 இல் அரச கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு நாற்பது பவுண் உதவிப்பணம் வழங்க நேர்ந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை பெறப்படும். சிறு வணிகரின் உரிமைக்காப்பிற் சட்டம் ஒரு கூறேயாகும். ஒத்த தொழிலாளரின் கூட்டு, வெளியீட்டுக் காலத்தைத் தெரிதல், மக்களுக்கு அறிவித்தல், விலையிற் போட்டியிடல் ஆகியன சேர்ந்தபோதே ஏட்டில் எழுதிய உரிமை வாழ்வுக்கு உதவியது.