மரணத் தறுவாயிற் கைதி

குற்றஞ் செய்தவனைத் தண்டித்தல் அரசின் கடமை. நோயுற்றவனுக்கு இரங்குதல் மனித இயல்பு. இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் எதிரெதிராக வந்து நிற்குமாயின் அரசு யாது செய்தல் வேண்டும்? சிறு களவு செய்தவன் சாகுந் தறுவாயிலிருந்தால் விடை எளிது. அவனை வீட்டுக்கு அனுப்புவதை எவரும் பெரிதாக எதிர்க்கமாட்டார். நூற்றுக்கணக்கானோரின் சாவுக்குக் காரணனென்று தீர்க்கப்பட்டவன் அதே நோயோடு அதே கருணையைக் கேட்டால் விடை எளிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பா இவ்வினாவை முக்கியமாக மூன்று இடங்களிற் சந்தித்தது. அம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

முதலாவது, பேர்ளின் நகரத்து ஸ்பண்டௌ சிறைச்சாலை. நூரம்பேர்க் நீதிமன்று 1946ஆம் ஆண்டிற் சிறைத்தண்டனை விதித்த நாசித் தலைவர் எழுவர், 1947ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கே அடைக்கப்பட்டனர். பல நூறு பேருக்கெனக் கட்டப்பட்ட அப்பெருங் கட்டடத்தில் இருந்த கைதிகள் அவ்வெழுவர் மட்டுமே. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, சோவியத்து நாடு ஆகிய நான்கு வல்லரசுகளும் மாதத்துக்கொன்றாக முறைவைத்துக் காவல் புரிந்தன. எவரை விடுவிப்பதாயினும் நால்வரும் உடன்படவேண்டும்.

அவ்வாறு உடன்பட்டு மூவரை அவர்கள் முதுமையும் நோயுங் கருதி விடுவித்தனர். பதினைந்து ஆண்டுத் தண்டனை பெற்ற முன்னாள் வெளிநாட்டமைச்சர் நொய்ராத் 1954ஆம் ஆண்டு நவம்பரில் வெளியேறினார். ஆயுட்காலச் சிறை விதிக்கப்பெற்ற கடற்படைத் தளபதி ரேடர் 1955ஆம் ஆண்டிலும், மத்திய வங்கித் தலைவராயிருந்த ஃபுங்க் 1957ஆம் ஆண்டிலும் அவரைப் பின்தொடர்ந்தனர். கொலைமுகாம்களில் மாண்டோரின் பொன்னும் உடைமைகளும் வந்து குவிந்தது ஃபுங்கின் வங்கியிலேயாம். அவர் அதனை அறிந்திருந்தார், அன்றேல் வேண்டுமென்றே கண்களை மூடிக்கொண்டார் என்று நீதிமன்று கூறியது. விடுதலையின் பின் நொய்ராத் இரண்டாண்டு முடியுமுன்னரே இறந்தார். ரேடரோ தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டு, 1960ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். ஃபுங்கும் அதே ஆண்டில் இறந்தார்.

எழுவருள் ஒருவராகிய ஹெஸ்ஸின் கதை வேறு. போருக்குச் சதிசெய்தமை, அமைதியைக் குலைத்தமை ஆகிய குற்றங்களே அவர்மீது தீர்க்கப்பட்டன. மானிடத்துக்கெதிரான குற்றத்தினின்று அவர் விடுவிக்கப்பட்டிருந்தார். ஃபுங்கோ அக்குற்றத்துக்கும் ஆளானவர். எனினும், ஃபுங்க் வீடு சென்றார், ஹெஸ் செல்லவில்லை. ஏனையோருள் எஞ்சியிருந்தவர்கள் தண்டனை முடிந்து 1966ஆம் ஆண்டிற் புறப்பட்டபின், அவ்வளவு பெரிய சிறையில் ஏறத்தாழ 21 ஆண்டுகள் அவர் தனியே கிடந்தார். மேற்கு நாடுகள் அவரை விடக் கேட்டபோதெல்லாம் சோவியத்து நாடு மறுத்தது. 1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள், தமது 93ஆவது வயதில், அவர் கழுத்திற் சுருக்கிட்டு இறந்தார். அச்சிறை நாசிப் பற்றாளர்க்குத் திருத்தலமாகிவிடக் கூடாதென்று அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆயினும், வுன்சீடல் என்னும் சிற்றூரிலிருந்த அவர் கல்லறையை நாடி அவர்கள் ஆண்டுதோறும் திரண்டனர். அதனையும் 2011ஆம் ஆண்டில் அகற்றவேண்டியதாயிற்று. ஸ்பண்டௌவில் கருணையை அளந்த கோல் குற்றத்தின் அளவுமன்று, நோயின் அளவுமன்று. வல்லரசுகளின் அன்றன்றைய மனநிலையே அதனை அளந்தது.

இரண்டாவது வரலாறு பிரான்சு தேசத்தது. மொரிஸ் பப்போன் என்பவர், ஜெர்மானியர் ஆட்சியின் கீழ், போர்தோ நகரின் பிராந்திய நிருவாகத்திற் செயலாளராயிருந்தார். யூதர்களைக் கைதுசெய்து நாடுகடத்தும் கட்டளைகள் அவர் அலுவலகத்தினூடாகச் சென்றன. அவ்வாறு அனுப்பப்பட்டோருட் குழந்தைகளும் இருந்தனர். போர் முடிந்தபின் அவர் பாரிஸ் நகரின் பொலிஸ் தலைவராயும், பின்னர் அமைச்சராயும் உயர்ந்தார். 1998ஆம் ஆண்டு ஏப்பிரலிலேயே, மானிடத்துக்கெதிரான குற்றத்துக்கு உடந்தையாயிருந்தாரென்று பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் சுவிற்சர்லாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்.

2002ஆம் ஆண்டு மார்ச்சில், நோயாளரின் உரிமை பற்றிய புதிய சட்டமொன்று பிரான்சில் நிறைவேறியது. உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவரென்றோ சிறைவாழ்வைத் தாங்கவியலாதவரென்றோ இரு வைத்திய அறிக்கைகள் ஒருமித்துக் கூறினால், எந்தக் கைதியின் தண்டனையையும் நிறுத்திவைக்கலாம் என்பது அதன் ஓர் ஏற்பாடு. அதன் பயனைப் பெற்ற முதற் சிலருள் பப்போன் ஒருவர். மூன்றாண்டு நிறையுமுன்னரே, அவ்வாண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், தமது 92ஆவது வயதில் அவர் வெளியேறினார். படுக்கையிலிருந்து எழவியலாதவரென எண்ணப்பட்டவர் தம் காலால் நடந்து வந்ததைக் கண்ட மக்கள் கொதித்தனர். அதன்பின் நான்காண்டுக்கு மேலாக வாழ்ந்து 2007ஆம் ஆண்டில் இறந்தார்.

இவ்வழக்கில் மறக்கவொண்ணாத குரல் ரொபேர் படன்தேர் என்பவருடையது. 1981ஆம் ஆண்டில் நீதியமைச்சராயிருந்து பிரான்சில் மரணதண்டனையை ஒழித்தவர் அவர். அவருடைய தந்தையார் 1943ஆம் ஆண்டில் லியோன் நகரிற் கைதாகி, சோபிபோர் கொலைமுகாமில் மாண்டவர். பப்போனை மன்னியாதிருக்க அவரினும் உரிமையுடையார் சிலரே. ஆயினும், தொண்ணூறு வயது கடந்தவரைச் சிறையில் வைத்திருப்பதிற் பொருளில்லையென்றும், குற்றத்தை மனிதத் தன்மை வெல்லவேண்டிய கட்டம் ஒன்றுண்டென்றும் அவர் 2001ஆம் ஆண்டிலேயே கூறினார். பாதிக்கப்பட்ட குடும்பத்தார் பலர் அதனை ஏற்கவில்லை. ஏலாதவரைக் குறைகூறவும் இயலாது.

மூன்றாவது, ஸ்கொட்லாந்து. 1988ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள், இலண்டனிலிருந்து நியூயோர்க் நோக்கிச் சென்ற விமானம் லொக்கர்பி என்னும் ஊரின்மேற் குண்டால் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேரும் மாண்டனர். லிபிய நாட்டவரான அல் மெக்ராகி என்பார்க்கு 2001ஆம் ஆண்டில் ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்குப் புற்றுநோய் முற்றியபோது, மூன்று மாதமளவே உயிர்வாழ்வாரென்னும் வைத்தியக் கருத்தை ஏற்று, ஸ்கொட்லாந்து நீதியமைச்சர் 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் அவரை விடுவித்தார். தீர்ப்பு நீக்கப்படவில்லை, நிபந்தனைகளுடனேயே அவர் அனுப்பப்பட்டார். எனினும், திரிப்போலி விமான நிலையத்திற் கூட்டம் கூடிக் கொடியசைத்து வரவேற்றது. மாண்டோரிற் பெரும்பாலார் அமெரிக்கர். அவர்தம் உறவினர் அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் காண நேர்ந்தது. மூன்று மாதமென்றது இரண்டாண்டு ஒன்பது மாதமாயிற்று. 2012ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அவர் இறந்தார்.

கருணை விடுதலையை எதிர்ப்போரின் வாதம் வலிமையுடையது. இறந்தவர்களுக்கு மரணப் படுக்கை கிடைக்கவில்லை. பிள்ளைகள் அருகிருந்து நீர் வார்க்கவில்லை. அவ்வாய்ப்பைப் பறித்தவனுக்கு மட்டும் அதனை அளித்தல் எங்ஙனம் நீதியாகும்? மேலும், வைத்தியர் கணித்த நாளைக் கடந்து நோயாளி வாழ்தல் இயல்பாதலின், ஒவ்வொரு நாளும் அக்குடும்பங்களுக்கு அவமதிப்பாய்த் தோன்றும்.

இவ்வாதத்துக்கு, குற்றவாளி இரக்கத்துக்குத் தகுதியுடையவன் என்று விடையிறுக்க முயல்வது வீண். அவன் தகுதியற்றவனாகவே இருக்கலாம். வள்ளுவர் கொடியோரை ஒறுத்தலைக் களையெடுத்தலுக்கு ஒப்பிட்டவர், செங்கோன்மையை வற்புறுத்தியவர். அவரே சில அதிகாரங்களின் பின் கண்ணோட்டத்தையும் வைத்தார். அவ்வதிகாரம் துறவிக்குரிய பகுதியிலன்றி, பொருட்பாலில், அரசனுக்குரிய இயலில் இடம்பெறுவது நோக்கற்பாலது. கண்ணோட்டம் ஆள்வோனிடத்து இருக்கவேண்டிய பண்பு; பெறுவோனுக்கு அளிக்கும் பரிசன்று. அதுவும் அரச கருமம் பழுதுபடாதவாறு நிகழவேண்டுமென்பதே அவர் கருத்து.

கருமம் பழுதுபடாதிருத்தல் எவ்வாறு? மேற்கண்ட வரலாறுகளே வழிகாட்டுகின்றன. விடுதலை, ஸ்பண்டௌவிற்போல ஆட்சியாளரின் விருப்பிலன்றி, முன்னரே எழுதப்பட்ட சட்டத்தில் நிற்கவேண்டும். அச்சட்டம் புகழ்பெற்ற வழக்கறிஞரை அமர்த்தவல்ல அமைச்சருக்குக் கிடைக்கும் அதே விரைவோடு, பெயரறியாக் கைதிக்கும் கிடைக்கவேண்டும். பாதிக்கப்பட்டோர் சொல்வதை முடிவுக்கு முன்னரே செவிமடுத்தல் வேண்டும். விடுவிக்கப்படுபவன் பிறருக்கு ஊறு செய்யும் வலிமையற்றவன் என்பது உறுதியாதல் வேண்டும். தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்பதையும் அரசு ஐயத்துக்கிடமின்றி அறிவித்தல் வேண்டும்.

மன்னிப்பு என்பது இழந்தவர்க்கே உரியது. அரசு அதனை அவர்கள் சார்பில் வழங்க இயலாது. அரசு செய்யக்கூடியது, சாகின்றவனைச் சிறைக்கம்பிகளின் பின்னே வைத்துக் காப்பதை நிறுத்துவது மட்டுமே. அவ்வளவையே செய்து, அதற்குமேல் ஒன்றும் செய்யாத அரசு, தான் தண்டித்த கொடுமையை மறந்ததாகாது.